சாராயம் போக மிஞ்சியது பன்றிக்கு

தீவன வியாபாரத்தில் சாப்பிடுவது ஒருவர், தீர்ப்புச் சொல்வது இன்னொருவர். காப்புறுதி விற்பவர்களே, தண்ணீர் வடிகட்டி விற்பவர்களே, தவணைக்குச் சட்டி பானை விற்பவர்களே, யாருடைய வாசலிலாவது நின்று "ஒரு நிமிஷந்தாங்க, கேட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சியிருக்கிற அத்தனை பேருமே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் பட்டதெல்லாம் நானும் பட்டவள். ஒரே வித்தியாசம், நான் விற்றது எத்தனால் ஆலையில் மிஞ்சிய சக்கை. அதைத் தின்றது பன்றி.

இலங்கையில் மொனராகலைப் பக்கம் ஓர் ஆலை சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கிறது. சோளத்தை அரைத்து, வேகவைத்து, புளிக்க விட்டால் அதில் இருக்கிற மாச்சத்தெல்லாம் சாராயமாக மாறிப் போய்விடும். மிச்சம் குப்பை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. புரதம், எண்ணெய், நார், தாது எல்லாம் அதிலேயே தங்கிவிடும். முழுச் சோளத்தில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு செறிவாக. அதைக் காயவைத்தால் பன்றிக்கு நல்ல தீவனம். ஆலைக்காரர்கள் மூட்டையில் 'உலர் சோள வடிசக்கை' என்று அழகாக அச்சடித்திருந்தார்கள். பதுளை மாவட்டத்தில் ஒருவர்கூட அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது சாராயச் சக்கை. அதை விற்கப் போன நான் சாராய மிஸ். கால்நடை வளர்ப்பில் டிப்ளோமா முடித்த பிள்ளைக்கு அம்மா எதிர்பார்த்த பட்டம் அதுவல்ல.

பூனாகலையில் முதல் மூட்டை

வேலையில் சேர்ந்ததும் நான் முதலில் போனது பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்கு. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்குப் பின்னால் இருந்த மேட்டில், பலகையும் தகரமும் வைத்துக் கட்டிய பட்டியில் புஷ்பம் அக்கா நான்கு பன்றிகள் வளர்த்தார். காலையில் கொழுந்து பறிக்கப் போவார். சாயந்தரம் வந்து கழுநீரும் மரக்கறித் தோலும் வைப்பார். பன்றிகள் நீளமாகத்தான் இருந்தன, அகலமாக இல்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிடி சக்கையை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். அக்கா குனிந்து முகர்ந்தார். நல்ல சக்கைக்குப் பேக்கரியில் பாண் வேகிற வாசமும் இலேசான கள்ளுப் புளிப்பும் இருக்கும். அந்தப் புளிப்பில் அவர் முகம் மாறிவிட்டது. நான் படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். சாராயத்தை ஆலையிலேயே பிரித்து எடுத்துவிடுகிறார்கள், காயவைக்கிற சூட்டில் மிச்சமும் ஆவியாகிப் போய்விடும், இதில் இருப்பது புரதம், வளர்கிற பன்றிக்கு மொத்தத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு கலந்தால் போதும் என்றேன்.  லயத்துக் கோடியில் அவருடைய கணவர் பட்டப்பகலில் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார், பன்றிகளை ஒரு பார்வை பார்த்தார், கடைசியில் என் கையைப் பார்த்தார். அன்றைக்கு அரை மூட்டை வாங்கத்தான் செய்தார். ஆனால் வாங்குவதற்கு முன் இப்படிக் கேட்டார்: "ஏற்கனவே ஒன்னு குடிச்சுட்டுப் படுத்துக்கெடக்கு மிஸ். இதுங்க நாலும் படுத்துக்கிச்சுனா நான் வேலைக்குப் போறதா, இல்ல அஞ்சு பேத்துக்கும் தண்ணி தெளிச்சு எழுப்பிக்கிட்டு இருக்கறதா?"

ஹாஜியாரின் கிடங்கு

வடிசக்கைக்கு ஈரம் ஆகாது. மூட்டைகளை வைக்க பதுளை டவுனில் ஒழுகாத கிடங்கு ஒன்று தேவைப்பட்டது. கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவரிடம் காலிக் கிடங்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். உட்காரச் சொல்லி, பிளேன்டீ வரவழைத்து, ஊர், பேர், அப்பா யார் என்றெல்லாம் விசாரித்தார். கிடங்கையும் திறந்து காட்டினார். சிமெந்துத் தரை, மேலே புதுத் தகரம், எலி ஓட்டை ஒன்றுகூட இல்லை. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் முடிகிறதே என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

"அப்ப, என்ன சாமான் வைக்கப் போறீங்க மகள்?" என்று கேட்டார். தீவனம் என்றேன். எதிலிருந்து செய்வது என்றார். சோளம் என்றால் போதும்தான். ஆனால் கிடங்கு கொடுக்கிறவரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று பட்டது. சாராயம் எடுத்த சோளம் என்றேன். டீக் கோப்பையைக் கீழே வைத்தார். யாருக்குத் தீவனம் என்றார். பன்றிக்கு என்றேன். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தன்னால் தர முடியாது என்று பக்குவமாகச் சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து ஹாலிஎல ரோட்டில் இருந்த தன் கூட்டாளியான கடை முதலாளி ஒருவருக்குப் போன் போட்டு எனக்காகப் பேசினார். எனக்குக் கிடங்கு கிடைத்தது அவரால்தான். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பியபோது சொன்னார்: "இவ்வளவு காலம் யாவாரம் செய்றேன் மகள், ஒரே சாக்குல ரெண்டு ஹராமையும் போட்டுத் தச்சுக் கொண்டுவந்த ஆள இன்டைக்குத்தான் பார்க்கிறேன்!"

கறுப்புத்தான் முதல் தரமா?

என் பையில் எப்போதும் இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் இருக்கும். ஒன்றில் தங்க நிறச் சக்கை, இன்னொன்றில் கரும்பழுப்புச் சக்கை. இரண்டும் ஒரே சோளம்தான். காயவைக்கும்போது சூடு கூடிப்போனால் நிறம் கறுத்துவிடும். சதை வளர்வதற்கு லைசின் என்று ஒரு சத்து வேண்டும். சோளத்தில் அது ஏற்கனவே குறைவு; சூட்டில் கருகினால் இருக்கிறதும் பன்றிக்கு உதவாது. அதனால்தான் கூடவே சோயாவோ கருவாட்டுத் தூளோ சேர்க்கச் சொல்வோம். கறுத்ததை வாங்காதீர்கள் என்று காட்டத்தான் அந்த இரண்டாவது போத்தல்.

ஒரு தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் தூளின் பக்குவம் பார்க்கிற டீ மேக்கராக இருந்த சந்தனம் ஐயா, வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்த்தார். இரண்டு போத்தலையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் தேயிலை பார்க்கிற மாதிரியே பார்த்தார். வெள்ளைக் காகிதத்தில் கொட்டி, விரலால் பரப்பி, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மூக்கோடு வைத்து ஒரு இழுப்பு. பிறகு தங்க நிறத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, "இது வெளிறிப் போயிருக்கு. அதுல பத்து மூட்டை போடுங்க" என்று கறுப்பைக் காட்டினார். அது விற்பனைக்கு இல்லை ஐயா, அது கெட்டது என்றேன். நான் நல்ல சரக்கை வேறு யாருக்கோ ஒதுக்கி வைத்திருக்கிறேன் என்றே அவருக்குப் பட்டிருக்க வேண்டும். நான் லைசின் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்லி முடித்ததும், கறுப்புப் போத்தலை மனமில்லாமல் திருப்பிக் கொடுத்தார். "எங்க பெக்டரியில இந்தக் கலர் வந்துச்சுனா தொரை கையக் குலுக்குவாரு மிஸ். ஒங்க பெக்டரியில இதுக்கு ஏசுறாங்கன்னா, அங்க தொரைக்கு டீயப் பத்தி ஒன்னும் தெரியாதுன்னு அர்த்தம்."

பெண் பார்த்த கதை

என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. மாப்பிள்ளை அமைதியானவர், தபால் கந்தோரில் வேலை. பேச்சையெல்லாம் அவருடைய தாய்மாமன்தான் பேசினார். பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டதற்கு அம்மா, "கம்பெனி உத்தியோகங்க" என்று சொல்லி வடையை நகர்த்தினார். என்ன கம்பெனி என்றார் மாமா. அம்மா என்னைப் பார்த்தார். எத்தனால் ஆலை என்று நான் சொன்னேன். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தனால்னா, இந்த பாட்டில்ல வர்றதுக்கெல்லாம் மூலச் சரக்கு, அதானே?" என்று கேட்டு மாப்பிள்ளையின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னைவிட நல்ல பெண் ஊவா மாகாணத்திலேயே இல்லை என்கிற மாதிரி பேச்சு போனது.

ஆலையில் எந்தப் பகுதி என்று கேட்டார். கணக்குப் பகுதியா, ஆய்வுகூடமா என்றார். அம்மா கண்ணால் வேண்டாம் என்று ஜாடை காட்டினார். கல்யாணம் ஆன பிறகு தெரியவந்தால் இன்னும் மோசம் என்று நினைத்து, பன்றித் தீவனப் பகுதி, தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறேன் என்றேன். மாமா கையிலிருந்த வடையைத் தட்டில் திருப்பி வைத்தார். மாப்பிள்ளை மட்டும் ஒரு பன்றி ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும் என்று ஆவலோடு கேட்டார். பாவம், அவர் அம்மா முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் கழித்துத் தரகர் பதில் கொண்டுவந்தார். மாமா சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தார்: "சாராய ஆலைன்னா நாலு பேருக்கிட்ட தலை நிமிந்து சொல்லலாங்க. பன்னின்னு சொன்னா கௌரவம் என்னாகுறது?"

எல்லயில் ஒரு வேலைநிறுத்தம்

சுற்றுலா ஊரான எல்லயில் வெள்ளைக்காரர்கள் கூடக் கூட, அங்கே மிஞ்சுகிற சாப்பாடும் கூடியது. பக்கத்தில் பண்ணை வைத்திருந்த ரவி அண்ணன் ஹோட்டல் ஹோட்டலாக வாளியோடு போய் மிச்சத்தை அள்ளி வந்து பன்றிகளுக்குப் போடுவார். பீட்சா, பாஸ்தா, பாதி கடித்த கேக், எல்லாம்தான். பிறகு அந்த வட்டாரத்துப் பன்றிகளுக்கு ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. பட்டிக்குள் நுழைந்தால் பட்டியே காலி. மிச்சச் சோற்றில் கிடக்கிற இறைச்சித் துண்டாலும் பரவும் என்று கால்நடை வைத்தியர் வந்து சொன்னபோது, பக்கத்துப் பண்ணையில் ஏற்கனவே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். ரவி அண்ணன் அன்றைக்கே வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். எப்போதும் கேலி பேசுகிறவர், அன்றைக்கு எத்தனை மூட்டை இருக்கிறது என்று மட்டும் கேட்டார்.

மூட்டைகளைக் கொண்டுபோய் இறக்கினோம். காய்ச்சல் அவர் வாசலைத் தாண்டவில்லை. அது தீவனத்தின் பெருமை இல்லை, வாளியைக் கவிழ்த்ததற்குக் கிடைத்த பலன். ஆனால் சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. பன்றிகள் தொட்டியை முகர்ந்தன, ஒன்றையொன்று பார்த்தன, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டன. வடிசக்கையை ஒரேயடியாக வைத்தால் அப்படித்தான். தவிட்டுக் கஞ்சியில் முதலில் ஒரு கை மட்டும் கலந்து, நாளுக்கு நாள் கூட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிட்டன. நடுவில் ஒரு நாள் அவர் போட்ட போனில், பழைய ரவி அண்ணன் திரும்பி வந்துவிட்டார் என்று தெரிந்தது: "மிஸ், ஒங்க சக்கையைக் கொட்டிட்டு நிக்கிறேன். இதுங்க என் மூஞ்சியப் பார்க்கிறதப் பார்த்தா, அடுத்து மெனு கார்டு கேட்கும் போலயிருக்கு!"

வெலிமடை லீக்ஸ்

வெலிமடையில் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடுகிற சிங்கள விவசாயி பண்டா மாத்தையா, தோட்டத்து ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு பன்றிகளும் வைத்திருந்தார். ஐந்தில் ஒரு பங்கு என்று நான் சொன்னது அவர் காதில் பாதிக்குப் பாதி என்று விழுந்துவிட்டது. சக்கையில் நார் அதிகம். சினைப் பன்றியின் பெரிய வயிறு அதைத் தாங்கும். பாதி வைத்தாலும் சமாளித்துக்கொள்ளும். வளர்கிற குட்டிக்கு அவ்வளவு நார் வைத்தால் போன வழியே வெளியே வந்துவிடும். மூன்று மாதம் கழித்து நான் போனபோது குட்டிகள் எதிர்பார்த்த அளவுக்கு எடை ஏறவில்லை. சாணக் குவியல்தான் மலைபோல ஏறியிருந்தது. ஏச்சு வாங்கத் தயாராகி, மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு நின்றேன். மாத்தையா என் கையைப் பிடிக்காத குறையாக மக்கிய எரு போட்டிருந்த பாத்திக்குக் கூட்டிப்போனார். என் முழங்கைத் தடிப்பில் லீக்ஸ் நின்றது. அளவைக் குறைக்கச் சொன்னேன். தலையை ஆட்டி மறுத்தார். அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "வேணாம் மிஸ், குறைக்க வேணாம். பன்றி மெதுவா வளரட்டும். லீக்ஸ் ஓடி ஓடி வளருது!"

ஸ்டீபன் அண்ணனின் கத்தி

பண்டாரவளையில் பன்றி இறைச்சிக் கடை வைத்திருந்த ஸ்டீபன் அண்ணன், எனக்கு நேராக வாடிக்கையாளர் இல்லை. என் வாடிக்கையாளர்களின் பன்றிகள்தான் கடைசியில் அவரிடம் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் பூசை முடிந்து கூட்டம் அலைமோதுகிற நேரத்தில், உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். ஒரு துண்டுக் கொழுப்பைத் தூக்கிக் காட்டினார். வெள்ளையாக, விறைப்பாக நிற்க வேண்டியது துவண்டு தொங்கியது. கத்தியை வைத்தால் வெட்டுப்படாமல் வழுக்கியது. வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். சக்கையில் சோள எண்ணெய் இருக்கிறது. பன்றி எந்த எண்ணெயைத் தின்கிறதோ அந்தச் சாடைதான் அதன் கொழுப்பிலும் வரும். வெட்டுவதற்கு மூன்று நான்கு வாரத்துக்கு முன்பே சக்கையை நிறுத்திவிட வேண்டும். இதை நான் ஒவ்வொரு பட்டியிலும் சொல்லியிருந்தேன். ஆனால் கடைசி மாதத்தில் பன்றி நன்றாக ஏறுவதைப் பார்த்த பிறகு யாருக்குத்தான் நிறுத்த மனம் வரும்? கடை நிறைய ஆட்கள் நிற்க, அவர்கள் முன்னாலேயே இதையெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அடுத்த வாரத்திலிருந்து பன்றி கொண்டுவருகிறவர்களிடம் கடைசி மாதம் என்ன வைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் வாங்குவேன் என்றார். சொன்ன மாதிரியே செய்யவும் செய்தார். எனக்கு அதைவிடப் பெரிய உதவி யாரும் செய்ததில்லை. ஆனால் அன்றைக்கு கத்தியைத் துடைத்துக்கொண்டே, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது இது: "காலையில இருந்து ரெண்டு பேக்கரிக்காரங்க வந்து வெலை கேட்டுட்டுப் போயிட்டாங்க மிஸ், கேக்குக்குப் பூசுறதுக்கு நல்லா இருக்கும்னு!"

மழைக்காலத்து மூட்டைகள்

இது சிரிப்புக் கதை இல்லை. ஆனால் இதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் நான் சொன்னதெல்லாம் பாதிப் பொய் ஆகிவிடும்.

பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தனலெட்சுமி அக்கா இருந்தார். கணவர் கொழும்பில் கட்டட வேலை. அக்கா தனியாக ஒரு சினைப் பன்றியும் இரண்டு சின்னப் பெட்டைகளும் வளர்த்தார். கடும் மழை பெய்துகொண்டிருந்த ஒரு நாள் போன் செய்தார். "மிஸ், சின்னது ரெண்டுக்கும் பின்பக்கம் வீங்கிச் சிவந்து கெடக்கு. பருவத்துக்கு வந்த மாதிரி. இதுங்களுக்கு அந்த வயசே இல்லையே?"  அடுத்த பஸ்ஸில் போய் இறங்கினேன். அவர் சொன்னது சரிதான். மூட்டையின் மேல் பக்கம் நன்றாகத்தான் இருந்தது. கையை ஆழமாக விட்டுப் பார்த்தால் கட்டி கட்டியாக, காயாத துணி வாசம். கால்நடை வைத்தியரை வரவழைத்தோம். பூஞ்சண நஞ்சு என்றார். ஈரச் சோளத்தில் பூஞ்சணம் பிடித்தால் சாராயம் காய்ச்சினாலும் அந்த நஞ்சு போகாது. சத்து எப்படிச் சக்கையில் செறிகிறதோ அப்படியே அதுவும் செறிந்துவிடும். சின்னப் பெட்டைகள் தேறிவிடும், தீவனத்தை இப்போதே நிறுத்துங்கள் என்றார். சினைப் பன்றியைப் பற்றிக் கேட்டதற்கு, "பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். அக்கா பட்டிக் கதவைப் பிடித்தபடி நின்றார். 

அங்கிருந்தே எங்கள் விற்பனைப் பகுதி மேனேஜருக்குப் போன் செய்தேன். மழைக்கு எல்லாத் தீவனமும் அப்படித்தான் இருக்கும், நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். போன் வைக்கப்பட்டது. அதே சரக்கு வேறு யார் யாருக்குப் போயிருக்கிறது என்று எனக்கும் லொறி ஓட்டுகிற அருளுக்கும்தான் தெரியும். அருளிடம் விஷயத்தைச் சொன்னேன். மேனேஜர் அனுமதி தரவில்லை என்பதையும் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்தார். "மொதல்ல எந்தப் பக்கம் மிஸ்?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கும் மறுநாளும் மழையில் வீடு வீடாகப் போய் மூட்டைகளைத் திரும்ப ஏற்றினோம். சிலர் ஏசினார்கள். ஒருவர் தன் பன்றிக்கு ஒன்றுமில்லை, தரவே மாட்டேன் என்று மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அவரை இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன். மேனேஜர் வந்து கத்தத்தான் செய்தார். ஆனால் வைத்தியர் நேரே ஆலைக்கே எழுதிவிட்டதால், மிச்சச் சரக்கை எடுத்துப்போக ஆலையே லொறி அனுப்பியது. அதற்குப் பிறகு சோளம் வாங்கும்போதே ஈரம் பார்க்கிறார்கள் என்று கேள்வி.

பெட்டைகளின் வீக்கம் வற்றிவிட்டது. சினைப் பன்றி குட்டி போட்ட அன்று அக்கா என்னை வரச் சொன்னார். மூன்று குட்டிகள் செத்தே பிறந்திருந்தன. ஒரு பழைய சாக்கில் சுற்றி ஓரமாக வைத்திருந்தார். மற்றவை தாயின் மடியில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். மன்னிச்சிருங்க அக்கா என்றேன். அவர் ஒரு குட்டியை எடுத்து என் கையில் கொடுத்தார். இளஞ்சூடாக, வழுவழுவென்று, கத்திக்கொண்டே இருந்தது. "விக்க வந்தப்ப சிரிச்சுக்கிட்டு வந்தீங்க, அது எல்லாரும் வர்றதுதான். மூட்டையைத் திருப்பி எடுக்கவும் மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்கள்ல மிஸ், அதனாலதான் இன்னைக்கும் கதவத் தொறந்தேன்" என்றார்.

மூட்டையில் என் நம்பர்

புது மூட்டைகள் வந்தபோது விசாரணைக்கு என்று ஆலையின் பெயருக்குக் கீழே என் போன் நம்பரையும் அச்சடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வந்த அழைப்புகளில் பாதி, பன்றி இல்லாதவர்களிடமிருந்து. எத்தனால் என்கிற சொல்லைப் பார்த்தால் போதும், ஆட்களுக்கு மீதி எழுத்து தெரிவதில்லை.

ஒரு பகல் நேரம். சோறு பிசைந்துகொண்டிருக்கும்போது ஒருவர் போன் போட்டார். நாக்கு ஏற்கனவே கொஞ்சம் தடித்திருந்தது. நேரடியாக ஆலையிலிருந்தே வாங்கினால் மலிவாகக் கிடைக்குமாமே, வீட்டுக்கே கொண்டுவந்து தருவீங்களா என்று கேட்டார். இல்லைங்க, நாங்க அது விற்கிறதில்லை என்றேன். அப்படியானால் என்ன விற்கிறீர்கள் என்றார். சாராயம் எடுத்த பிறகு மிஞ்சுகிற சக்கை என்றேன். எதிர்ப்பக்கம் ஒரு கனத்த யோசனை ஓடியது. அதிலே கொஞ்சமாவது ஒட்டிக்கொண்டிருக்காதா என்றார். ஒரு சொட்டும் இருக்காது ஐயா, அது மனுஷருக்கே இல்லை, பன்றிக்கு என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் அசரவில்லை. மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "அதுக்கென்னங்க, எங்க வீட்டுல என்னைய அப்படித்தான் கூப்பிடுறாங்க, ஒரு மூட்டை அனுப்பிவிடுங்க."

ஆக, அந்தச் சோளத்தில் இருந்த போதை குடிக்கிறவர்களுக்குப் போனது, சத்து பன்றிகளுக்குப் போனது, பேச்சு மட்டும் முழுசாக எனக்கு மிஞ்சியது.